கூப்பன் இல்லாத மணியார்டர்

சென்ற இதழில் 'ஃபைண்டிங் மிஸ்டர் ரைட்' என்ற சீனப் படத்தைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தேன். பேத்தி பிறந்த சமயம், சியாட்டில் பக்கத்தில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்த படம் என்று சொல்லியிருந்தேன். அந்த ஆறு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை நிறையக் கிடக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கே: சீனப் படம் என்றாலே எங்களுக்குச் சண்டைப் படம்தான். இது என்ன கதை? — வாசகி, மதுரை

இதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. 2013 மார்ச்சில் வந்த காதல் படம், சிரிக்கவும் வைக்கும். சீனத் தலைப்புக்கு 'பெய்ஜிங் சியாட்டிலைச் சந்தித்தது' என்று அர்த்தம். எழுதி இயக்கியவர் ஷுவே ஷியாவ்லு என்ற பெண்.

பெய்ஜிங்கைச் சேர்ந்த வென் ஜியாஜியா, கல்யாணமான ஒரு பணக்காரரின் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு சியாட்டிலில் வந்து இறங்குகிறாள். குழந்தை அங்கே பிறந்தால் அமெரிக்கக் குடியுரிமை. கையில் அவர் கொடுத்த கிரெடிட் கார்டு, எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். இவளைப் போன்ற கர்ப்பிணிகளைத் தங்கவைக்க ஒரு சீன அம்மாள் ரகசியமாக நடத்தும் வீட்டில் இவளுக்கு இடம். விமான நிலையத்துக்கு வந்து இவளை அழைத்துப் போகிற டிரைவர் பெயர் ஃப்ராங்க். பெய்ஜிங்கில் பெயர் வாங்கிய டாக்டராக இருந்தவர். இங்கே வண்டி ஓட்டிக்கொண்டு, மகள் ஜூலியை வளர்க்கிறார். பேச்சு குறைவு.

ஒரு நாள் கார்டு வேலை செய்யவில்லை. பெய்ஜிங்கில் அந்தப் பணக்காரர் விசாரணையில் மாட்டிக்கொண்டார். படம் உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீனாவில் மட்டும் 50 கோடி யுவானுக்கு மேல் வசூலானது.

கே: இன்னொருத்தியின் புருஷனை வளைத்துப் போட்டவளைக் கதாநாயகியாக வைத்த படத்தைப் போய் நல்ல படம் என்று எழுதலாமா அம்மா? — வாசகி, கோவை

உங்கள் கோபம் புரிகிறது. முதல் அரைமணி நேரம் எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் அதட்டுகிறாள், காசை நீட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறாள். சீனாவில் இப்படிப்பட்ட பெண்ணை 'சியாவ்சான்' என்பார்கள், சின்ன மூன்றாமவள் என்று பொருள். ஊர் அவளை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. அவள் செய்ததைச் சரி என்று இயக்குநர் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் திட்டித் தீர்த்துவிட்டு நகர்ந்துவிடவும் இல்லை. அவள் கையில் இருக்கிற அந்தக் கார்டு என்னவென்று நிதானமாகப் பார்க்கிறார்.

அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. நான் 31 வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் மணியார்டர் வேலை. பம்பாயிலிருந்து வரும், பட்டாளத்திலிருந்து வரும். மணியார்டர் பாரத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கிற ஒரு துண்டு இருக்கும், கூப்பன் என்போம். அனுப்புகிறவர் அதில் இரண்டு மூன்று வரி எழுதலாம். மாதாமாதம் ஆபீஸுக்கே வந்து பணம் வாங்கிப் போகிற ஒரு அம்மாள் இருந்தார். புருஷனுக்குப் பம்பாயில் ஹோட்டல் வேலை. நான் நோட்டை எண்ணி நீட்டினால் வாங்க மாட்டார். "அது கெடக்கட்டும்மா, துண்டுல என்ன எழுதியிருக்காக?" என்பார். பெரும்பாலும் 'நலம், பிள்ளைகள் நலமா' என்றுதான் இருக்கும். அதையே இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் பணத்தை முந்தானையில் முடிவார். பிறகு ஒரு தீபாவளியிலிருந்து கூப்பன் வெறும் தாளாக வர ஆரம்பித்தது. பணம் மட்டும் கூடியது. 150 ரூபாய் வந்த இடத்தில் 200, அப்புறம் 300. தொகை ஏற ஏற அந்த அம்மாளின் முகம் இறங்கிக்கொண்டே போனதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மாதாமாதம் பார்த்தேன். ஒரு மாதம் அவர் கூப்பனைக் கேட்கவே இல்லை. பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜியாஜியாவின் கார்டு அந்த மாதிரி ஒரு மணியார்டர். கூப்பன் கிடையாது, பணம் மட்டும்தான். அந்தப் பணக்காரர் வரமாட்டார், போன் கிடைக்காது, கார்டு மட்டும் தேயும். அவள் வாங்கிக் குவிப்பதைப் பார்க்கும்போது, இத்தனை ரூபாய்க்குப் பில் போனாலாவது நான் இங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வரட்டும் என்று வாங்குவதாகத்தான் எனக்குப் பட்டது. பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் பார்த்த முகம் அப்படிச் சொல்லவிடவில்லை.

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். அந்தப் பணக்காரர் வெளியே வந்து, மனைவியை விவாகரத்து செய்து, இவளையும் குழந்தையையும் அழைத்துப் போய் வைத்துக்கொள்கிறார். பெரிய வீடு, வசதி, ஊரறிய மனைவி என்ற இடம், அவள் கேட்டதெல்லாம் கையில் வந்துவிட்டது. அப்போதும் ஆள் வீட்டில் இல்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கார்டு செல்லாமல் போனபோது அல்ல, கார்டு நன்றாகச் செல்லும்போது வெளியேறுகிறாளே, அதற்காகத்தான் நல்ல படம் என்று எழுதினேன்.

கே: குழந்தை பெற்றுக்கொள்ள அமெரிக்காவுக்கு ஏன் ஓட வேண்டும்? குடியுரிமை அவ்வளவு எளிதா? — வாசகர், சேலம்

பாஸ்போர்ட் ஆசை ஒரு காரணம். ஜியாஜியாவுக்கு இன்னொன்றும் உண்டு. படம் வந்த சமயத்தில் சீனாவில் ஒரு குழந்தைச் சட்டம் நடப்பில் இருந்தது. 2016 தொடக்கத்தில்தான் எல்லோருக்கும் இரண்டு என்று தளர்ந்தது. கல்யாணமாகாத பெண் பிள்ளை பெற அப்போது அங்கே அனுமதிச் சீட்டு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. மீறிப் பெற்றால் 'சமூகப் பராமரிப்புக் கட்டணம்' என்று பெரிய அபராதம். குழந்தையைக் குடும்பப் பதிவேட்டில் ஏற்றுவதில் தகராறு. ஏறாவிட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இடி. அதனால் இவளைப் போன்றவளுக்கு அமெரிக்கா ஆடம்பரமும்தான், ஒளிந்துகொள்ள ஓர் இடமும்தான்.

அங்கே மண்ணில் பிறந்தால் குடிமகன் என்பது 1868இல் வந்த 14வது அரசியல் சட்டத் திருத்தம். அது எல்லோருக்கும் பொருந்தும் என்று நிலைநாட்டியவர் ஒரு சீனச் சமையல்காரர்தான் என்பது பலருக்குத் தெரியாது. வோங் கிம் ஆர்க் என்று பெயர், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனர்களை உள்ளே விடக் கூடாது என்று 1882இலிருந்து தனிச் சட்டம் இருந்த காலம். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பி வந்தவரை, நீ குடிமகன் இல்லை என்று தடுத்துக் கப்பலிலேயே மாதக்கணக்கில் வைத்தார்கள். அவர் விடாமல் வழக்காடி 1898இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். என் மகளும் மாப்பிள்ளையும் வேலை விசாவில் இருந்தபோது பிறந்த பேத்தி அமெரிக்கக் குடிமகள் ஆனது அந்தத் தீர்ப்பின் வழியில்தான். அவர் பெயரை நம் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படத்தில் வருகிற மாதிரி ரகசிய இல்லங்கள் நிஜமாகவே இருந்தன. 2015 மார்ச்சில் தெற்குக் கலிபோர்னியாவில் பல இடங்களில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். 2019இல் அதை நடத்தியவர்கள் மேல் குற்றப் பத்திரிகை வந்தது. குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதே முக்கிய நோக்கம் என்று தெரிந்தால் சுற்றுலா விசாவை மறுக்கலாம் என்று 2020 ஜனவரியில் விதி போட்டார்கள். வந்த காரணத்தை மறைத்துப் பொய் சொல்வது குற்றம். 2025 ஜனவரியில் டிரம்ப் போட்ட உத்தரவு, தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கே குடியுரிமை இல்லை என்றது. நீதிமன்றங்கள் தடுத்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எனவே யாராவது ஏஜென்ட் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் நம்பாதீர்கள்.

கே: அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! பாஷை தெரியாமல் எப்படிப் பழகினீர்கள்? — வாசகி, கும்பகோணம்

அவரும் என்னைப் போலத்தான், மகளின் பிரசவம் பார்க்க வந்தவர். 2016 நவம்பரில் எங்கள் வீட்டில் பேத்தி, அதற்கு மூன்று வாரம் முன்னால் அவர்கள் வீட்டில் பேரன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் என் மகள் வெறுங்காலோடு கதவைத் திறந்தாள். எதிரே நின்ற பாட்டி அவள் காலைப் பார்த்துவிட்டு ஏதோ உரக்கச் சொன்னார், விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். பயந்துவிட்டோம். திரும்பி வந்தவர் கையில் சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி. தரையில் மண்டியிட்டு அவரே என் மகளின் இரண்டு காலிலும் மாட்டிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளியே வரக் கூடாது. 'மாதம் உட்காருதல்' என்றே அதற்குப் பெயர். குளிர்ந்த தண்ணீர் தொடக் கூடாது, காற்று படக் கூடாது, இஞ்சி, எள், சிவப்புச் சீன இலந்தை, நாட்டுச் சர்க்கரை. நம் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, பூண்டும் சுக்கும் லேகியமும் கொடுப்போமே, அதேதான். நான் இடித்த லேகியத்தை அவர் மோந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், தலையை ஆட்டினார். மறுநாள் அவர் வீட்டு இஞ்சிக் கஷாயம் எங்கள் வீட்டுக்கு வந்தது. படத்தில் வருகிற அந்தப் பிரசவ இல்லங்களைச் சீனத்தில் 'மாத இல்லம்' என்றுதான் சொல்கிறார்கள். அம்மா வர முடியாத பெண்கள், வந்தது யாருக்கும் தெரியக் கூடாத பெண்கள், காசு கொடுத்து அங்கே அந்த மாதத்தை உட்காருகிறார்கள். அந்தக் காட்சிகள் வந்தபோது பாட்டி படத்தை நிறுத்தச் சொன்னார். அவர் மகள் எங்களுக்கு மொழிபெயர்த்தாள்: "பாவம், இந்தப் பிள்ளைகளுக்குச் சாக்ஸ் போட்டுவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்."

கே: பெரிய டாக்டர், வெளிநாட்டில் போய் டிரைவராக இருப்பாரா? சினிமாவுக்காகச் சேர்த்ததுதானே? — வாசகர், திருநெல்வேலி

இல்லை ஐயா, நடக்கிறது. வேறு நாட்டில் படித்த டாக்டர் எத்தனை வருஷ அனுபவம் வைத்திருந்தாலும், அமெரிக்காவில் முதலிலிருந்து பரீட்சைகள் எழுதித் தேற வேண்டும். அப்புறம் பொதுவாக ஏதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகக் குறைந்தது மூன்று வருஷம். அந்த இடம் கிடைப்பதே கஷ்டம். நாற்பது வயதில், வீட்டில் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு அதை ஆரம்பிப்பது எத்தனை பேருக்கு முடியும்? அடிஸ் அபாபாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் ஓட்டிய டாக்சியில் நானே சியாட்டிலில் போயிருக்கிறேன். வண்டியில் என் மகளின் தோழி பையனுக்கு ஒரு பின்னக் கணக்கைப் போகிற வழியிலேயே சொல்லிக்கொடுத்தார்.

ஃப்ராங்க் பிறகு பரீட்சை எழுதி மறுபடியும் டாக்டர் ஆகிறார். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின ஃப்ராங்க்தான். கர்ப்பிணிகளைச் சோதனைக்கு அழைத்துப் போகிறார், காத்திருக்கிறார், திரும்ப அழைத்து வருகிறார். காதல் வசனம் பேசுகிற ஆளே இல்லை. வூ ஷியூபோ என்ற நடிகர் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நடக்கிற நடையிலேயே அந்த மனிதரின் கதையைச் சொல்லிவிடுகிறார்.

கே: சீனப் பெண்கள் எல்லோரும் பணத்துக்குத்தான் கல்யாணம் செய்கிறார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். உண்மையா? — வாசகர், சென்னை

உங்கள் நண்பர் 2010இல் நடந்த ஒரு விஷயத்தை எங்கேயோ கேட்டிருப்பார். சீனாவில் ஒரு டிவி வரன் தேடும் நிகழ்ச்சியில், சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வருகிறாயா என்று கேட்ட பையனிடம், பி.எம்.டபிள்யூ. காரில் உட்கார்ந்து அழுவதே மேல் என்கிற மாதிரி ஒரு பெண் பதில் சொன்னாள். நாடே கொதித்தது. அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஒரு பெண் விளையாட்டாகவோ வேகமாகவோ சொன்ன ஒரு வரியை ஒரு நாட்டுப் பெண்கள் எல்லோர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்கிற வழக்கம். 'சாய்லி' என்பார்கள். அதோடு பையன் பெயரில் வீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். நகரங்களில் வீட்டு விலை ஏறிய ஏற்றத்தில் பையனைப் பெற்றவர்கள் ஆயுள் சேமிப்பையே கொட்டுகிறார்கள். இதில் பெண் பக்கம் ஒரு பயமும் உண்டு. பெற்றோர் பணம் கொடுத்து வாங்கித் தங்கள் பிள்ளை பெயரில் பதிந்த வீடு, விவாகரத்து ஆனால் அந்தப் பிள்ளைக்கே என்று 2011இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளும் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டி வரலாம் என்ற நிலை அப்போது வந்தது. அந்த இடத்தில் இருக்கிற பெண் வீட்டைப் பற்றிக் கேட்டால் அதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். வரதட்சிணைப் பட்டியல் போடுகிற வீடுகளைக் கண்ணால் பார்த்த நாம் அந்த நாட்டுப் பெண்களைத் தீர்ப்பு சொல்லவும் வேண்டாம்.

கே: 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' படத்தைக் காப்பி அடித்ததுதானே இது? — வாசகர், திருச்சி

காப்பி இல்லை. ஜியாஜியா 1993இல் வந்த அந்த ஹாலிவுட் படத்தின் ரசிகை. சியாட்டிலைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அந்தப் படம் எங்கே முடிந்ததோ, அதே நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் மேல் தளத்தில் இதுவும் முடிகிறது. எங்கிருந்து எடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுத்திருக்கிறார்கள்.

கே: படத்தில் வருகிற சியாட்டில் நீங்கள் பார்த்த சியாட்டில் போலவே இருந்ததா? — வாசகி, காரைக்குடி

பெரும்பகுதியை எல்லை தாண்டிக் கனடாவின் வான்கூவரில் எடுத்தார்கள். ஆனால் வெளிச்சம் அதேதான். டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலரைக்கு முன்னாலேயே பொழுது இறங்கிவிடும். நாள் முழுக்கத் தூறல், குடை பிடிப்பவர்கள் குறைவு. பிள்ளை தூங்குகிற நேரத்தில் ஜன்னலோரம் நின்று அந்தத் தூறலைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும். ஜியாஜியா தனியாக இருக்கும் காட்சிகளில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

கே: கதாநாயகி யார்? வேறு எதில் நடித்திருக்கிறார்? — வாசகி, ஈரோடு

டாங் வெய். ஆங் லீ இயக்கிய 2007 படம் ஒன்றில் அறிமுகமானார். அதன் காட்சிகளுக்காக 2008இல் சீன அதிகாரிகள் அவரை டிவியிலும் விளம்பரத்திலும் வரவிடாமல் ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பெண்ணைச் சீன மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம் இது. அந்தச் செய்தியே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கே: மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவன் கணக்கில் எனக்கு ஒரு கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். உங்கள் ஆறு வரியைப் படித்துவிட்டுப் படத்தைத் தேடிப் பார்த்தேன். அப்போதிலிருந்து அந்தக் கார்டைத் தொடவே கை கூசுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா? — வாசகர், புதுக்கோட்டை

வேண்டாம் ஐயா. கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான், உங்கள் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து பத்து நாள் பக்கத்திலேயே படுத்திருந்தான் என்று. உங்கள் மணியார்டரில் கூப்பன் இருக்கிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை மனசு உடைந்துபோகும்.

கார்டை எடுங்கள், டிக்கெட் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம், பனியில் முட்டி பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசியில் போங்கள். அவன் வீட்டிலிருந்து எம்பயர் ஸ்டேட் கட்டிடம் பக்கம்தான். 86வது மாடியில் சுற்றி நின்று பார்க்க இடம் இருக்கிறது, காற்று பலமாக அடிக்கும், மப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். அவனையும் கூடவே அழைத்துக்கொண்டு ஏறுங்கள். போய் வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.